கஜா கடலுக்குள் என்ன செய்தது?



2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், நம் புதுக்கோட்டை மாவட்டத்தையும் உலுக்கிவிட்டு, மேற்கே கேரளத்தைத் தாண்டி அரபிக்கடலில் இறங்கியது. அதன் பிறகு சாய்ந்த தென்னையை எண்ணினோம், ஓடு பறந்த வீட்டை எண்ணினோம். அரிமளத்தில் நின்று பார்த்தால் புயல் என்பது காற்றும் மரமும்தான். ஆனால் கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று இந்த மாவட்டத்துக்கு ஒரு கடலும் உண்டு. கடலடியின் கணக்கு நம் பேச்சில் வரவே இல்லை.

பாடநூல் சொல்வது ஆழ்கடலின் கதை. ஏறத்தாழ 26 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய நீரில் புயல் வளர்கிறது. வளர்ந்ததும் அந்த நீரையே கலக்கி, அடியிலுள்ள குளிர்நீரை மேலே இழுக்கிறது. கூடவே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளிச்சத்துக்கு வர, சில நாளில் நுண்பாசி பெருகும். 2017இல் ஒக்கி புயல் கடந்தபின் அரபிக்கடலில் செயற்கைக்கோள்கள் இதைப் பதிவு செய்தன. வங்கக்கடலில் ஒரு தடை இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் மேலே மூடிபோல் கிடப்பதால், ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்குக் குளிர்நீர் எளிதில் எட்டாது. புயல் தளராமல் கரைவரை வர இதுவும் ஒரு காரணம்.

பாக் விரிகுடாவுக்கு இந்தப் பாடமே பொருந்தாது என்பது என் கருத்து. பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடலில், மேலே இழுக்கக் குளிர்நீருக்கு எங்கே போவது? இங்கே எழுவது சேறு. கஜாவில் வேதாரண்யம் பக்கத்துப் புஷ்பவனம் ஊருக்குள்ளேயே கடற்சேறு வந்து படிந்தது. கடலுக்குள் அது எங்கெங்கே படிந்தது? கடற்புல் வெயிலை நம்பி வாழ்வது. கலங்கல் தெளிய நாளானால் வாடும். சேறு மூடினால் மொத்தமாகப் போகும். அந்தப் புல்லை மேய்வதுதான் நம் ஆவுளியா என்னும் கடற்பசு. அதற்காகத்தானே 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது?

நீந்தும் உயிர் ஓரளவு தப்பிவிடும். 2001இல் கேப்ரியேல் புயல் நெருங்கியபோது, புளோரிடாவின் ஒரு சிறு குடாவிலிருந்த சுறாக்குட்டிகள் காற்றழுத்தம் குறையத் தொடங்கியதுமே ஆழத்துக்கு நகர்ந்தன, ஓய்ந்ததும் திரும்பின. அவற்றின் உடலில் பொருத்திய ஒலிக்கருவிகள் காட்டிய உண்மை இது. புல்லும் சிப்பியும் பவளமும் எங்கே நகரும்? புயலுக்குப் பிந்தைய மழையில் வெள்ளாறு கொண்டுவரும் நன்னீர், கரையோர உவர்ப்பைத் திடீரென்று குறைப்பது வேறு. அதைத் தாங்கும் இறாலும் உண்டு, தாங்காத சிப்பியும் உண்டு.

அளவீடு இல்லாமல் இதில் எதையும் தீர்த்துச் சொல்ல முடியாது. அதுவும் புயலுக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் எடுத்த அளவீடாக இருக்க வேண்டும். புயல் ஓய்ந்தபின் படகேறுகிற ஆய்வாளர் எதோடு ஒப்பிடுவார்? இந்த அரங்கில் கட்டுரை வாசிக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டவணையைத் திரையில் ஓட்டிவிடாதீர்கள். அளந்த இடம், ஆழம், தேதி மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் மீனவர்கள் வந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கஜாவுக்கு முன் புல் இருந்ததா என்பதை அவர்கள் சொல்லட்டும்.