பழைய வண்டியும் முந்தைய கையும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்று எண்ணெய்ப் பிசுக்குடையது. தலைமையாசிரியனாய் இருந்தவனுக்கு இது தேவைதானா என்று என் மனைவியார் கேட்டதுண்டு. நீங்களும் கேட்கலாம்.

பிறரிடம் தவறாகப் பயின்று வந்த மாணவனுக்குப் புதியன கற்பிப்பதைக் காட்டிலும், பயின்றதை மறக்கச் செய்வதே கடினம். ஓய்வு பெற்றபின் அத்தகைய மாணவன் ஒருவன் என் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தான். அவன் 1974ஆம் ஆண்டின் புல்லட் மோட்டார் சைக்கிள். 1955இல் சென்னையில் தோன்றிய எண்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்த வண்டி அது. 346 கன சென்டிமீட்டர் எஞ்சின். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன், 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. இக்காலத்து இளைஞர் ஏறினால் பிரேக் என்று எண்ணிக் கியரை மிதிப்பர்.

பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூரில், முந்தைய உரிமையாளரின் மகன் அதை எனக்கு விற்றார். கொண்டுவந்து பிரித்தபோதுதான் அதன் உள்ளே நடந்திருந்த கைவேலைகள் வெளிப்பட்டன.

முதலில் சைலன்சர். ஒலியை அடக்குவதற்காக உள்ளே அமைத்த தகடுகளை யாரோ கம்பியால் குத்தி எடுத்திருந்தார்கள். ஊரே அதிரும் ஓசை. அதை மாற்றுவது எளிது. வேறொன்று வாங்கிப் பொருத்தினேன்.

மரை விஷயம் அத்துணை எளிதன்று. அக்காலப் புல்லட்டில் பிரிட்டிஷ் சைக்கிள் மரை மிகுதி. ஓர் அங்குலத்துக்கு 26 சுற்று. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றென்றே கண் சொல்லும். ஆனால் அதன் மரை ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர், பழையதோ ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இரண்டு சுற்று இசைந்து செல்லும், பின்பு இறுகும். இறுகுவதைப் பொருந்துவதென்று எண்ணி நீண்ட ஸ்பேனரால் திருகினால் துளையின் மரை முழுதும் அழிந்துபோகும். அழிந்தேயிருந்தது. கடைசல் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, புஷ் அடித்து, உரிய மரையை மீண்டும் வெட்டுவித்தேன்.

மின்சாரப் பகுதியே என்னை அச்சுறுத்தியது. 6 வோல்ட் வண்டி அது. முகவிளக்கில் அளவுக்கு மிஞ்சிய பல்பைப் போட்டிருந்தார்கள். ஆல்டர்னேட்டர் தருவதைவிட விளக்கு தின்பது மிகுதியாகவே, பேட்டரி நாள்தோறும் வற்றியிருக்கும். அம்மீட்டரின் முள் அதைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கும். அதற்குச் செய்த பரிகாரம், அம்மீட்டரின் இரு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று முறுக்கிவிட்டதே! மதிப்பெண் குறைந்தால் அட்டையை ஒளித்துவைக்கும் பையன்கள் என் நினைவுக்கு வந்தார்கள். அதனினும் கொடியது பியூஸ். மெல்லிய கம்பி இருக்கவேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். பழுது நேர்ந்தால் முதலில் அறுந்து மற்றவற்றைக் காப்பதற்கே பியூஸ்; தாள் அறுபடாது, வயர்தான் காயும். பெட்ரோல் தொட்டிக்கு அடியில் நான்கு விரற்கடை நீளத்துக்கு உறை கருகி, செம்பு தெரிந்தது.

வயர் ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி, படம் வரைந்து, மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் புதிதாக இழுத்தேன். இறுதியாகப் பிரேக் மிதி. அதன்மேல் உள்ளங்கையளவு இரும்புத் தகடொன்றைக் கோணலாகப் பற்றவைத்திருந்தார்கள். பார்க்கவே அருவருப்பு. வெல்டிங் கடையில் அறுத்தெறிந்து, பழைய வளைவை மீட்டேன். முந்தைய உரிமையாளருக்கு மனத்துக்குள் சுழியம் போட்டேன்.

வண்டி ஒரே உதையில் உயிர்பெற்ற அன்று, செருக்கு என்னை விடவில்லை. அந்தச் சிற்றூருக்கே ஓட்டிச் சென்றேன். பெரியவர் திண்ணையில் இருந்தார். கைத்தடி ஊன்றி எழுந்து வந்தார். ஓசையைக் கேட்டுத் தலையசைத்தார்.

"நல்லாச் செஞ்சிருக்கீங்க வாத்தியாரய்யா" என்றார்.

விளக்கைத் தடவிப் பார்த்து, விடியுமுன் பால் கொண்டு செல்லும் வழியில் வெளிச்சமே போதாது என்றும், அதனால் பெரிய பல்பு போட்டதாகவும், ஒருநாள் நள்ளிரவில் பியூஸ் போனபோது வழிப்போக்கர் ஒருவர் தந்த தாளைச் செருகியதாகவும், பிறகு அது நினைவிலேயே இல்லை என்றும் தாமாகவே சொன்னார். தாளை நான் இன்றும் மன்னிக்கவில்லை. பல்பை மன்னித்தேன்.

பின்பு மெல்ல இருக்கையில் அமர்ந்தார். இடக்கால் உயர்ந்தது. கணுக்கால் அசையவில்லை, மரக்கட்டைபோல் இருந்தது. குதிகாலால் பிரேக் மிதியைத் தேடினார். அங்கே தகடு இல்லை. குதிகால் இருமுறை காற்றைத் தொட்டு இறங்கியது.

"வேணாம்னு எடுத்துட்டீங்களா? எலும்பு முறிஞ்சு சரியாக் கூடல. அது இருந்ததாலதான் பதினெட்டு வருஷம் ஓட்டினேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை வெல்டிங் கடைக்குச் சென்றேன். அந்தத் தகட்டைப் பழைய இரும்புக்காரர் முந்தைய வாரமே எடைக்கு எடுத்துப் போய்விட்டதாகக் கடைக்காரர் சொன்னார்.