வேட்டியோடு சென்னைக்கு



கோலார் தங்கவயலிலிருந்து சென்னைக்குப் புறப்படுகிறவனுக்கு முதலில் எழும் கேள்வி, எந்த வண்டியில் போவது என்பதன்று. எதை உடுத்திக்கொண்டு போவது என்பதே. வீட்டில் வேட்டி, வேலைக்குக் காற்சட்டை என்று பழகிவிட்ட ஊர் எங்கள் ஊர். சுரங்கத்திற்குள் இறங்கியவன் அரைக்காற்சட்டையும் தொப்பியும் அணிந்தே இறங்க வேண்டியிருந்தது. மேலே வந்து, குளித்து, வேட்டியை இடுப்பில் சுற்றிக்கொண்ட பிறகுதான் தன் மனிதனாக ஆனான். இதனை நான் என் தந்தையாரிடம் நாள்தோறும் கண்டு வளர்ந்தேன். வேலை முடிந்து வீடு திரும்பினால், வேட்டி மாற்றும்வரை அவர் ஒருவரோடும் பேசமாட்டார். காப்பிகூட அதன் பிறகுதான்.

2013ஆம் ஆண்டில், தந்தையாரோடு சாம்பியன் ரீப் சுரங்கத்தில் உழைத்த நண்பர் ஒருவருடைய பேரனுக்குச் சென்னையில் திருமணம். வயது எழுபத்தாறு ஆகியிருந்தும், தாம் கட்டாயம் போகவேண்டும் என்றார் தந்தையார். "பட்டணத்து விருந்து, அப்பா, காற்சட்டை போட்டுக்கொள்ளுங்களேன்" என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தமிழன் ஊருக்குப் போவதற்கு எனக்கு வேஷம் எதற்கு?" என்று கேட்டார். பெட்டியில் எட்டு முழ வேட்டி இரண்டு ஏறின.

மாரிக்குப்பத்தில் வண்டி ஏறினால் சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று நிலையங்கள் வரும். கடலையே காணாத செம்மண் மேட்டில் கோரமண்டல் என்று ஒரு நிலையம்! சோழமண்டலம் என்னும் பெயரே ஐரோப்பியர் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர் அறிஞர். சோழ நாட்டுக் கடற்கரையின் பெயர், சயனைடு மண்மேடுகளுக்கு அருகில் ஒரு பலகையில் எழுதப்பட்டு நிற்கிறது. பங்காருப்பேட்டையில் இறங்கி, சென்னை வண்டிக்கு மாறினோம். குப்பம் ஆந்திர நாடு, ஜோலார்பேட்டை தமிழ்நாடு. ஒரு காலை வேளைக்குள் மூன்று மாநிலங்களைக் கடந்தாயிற்று. தந்தையாரின் வேட்டியை எவரும் ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை.

விருந்து நடந்த இடம் பழைமையான ஒரு மன்றம். அதன் பெயர் இங்கே வேண்டாம். விளக்குகள் ஒளிர்ந்தன, உள்ளே நாதசுரம் ஒலித்தது. வாயிலில் நின்ற காவற்காரர் கைகூப்பி, "ஐயா, மன்னிக்க வேண்டும். வேட்டி கட்டியவர்களை உள்ளே விடக்கூடாது என்று விதி" என்றார். நல்ல தமிழிலேதான் சொன்னார். மாப்பிள்ளையே பட்டு வேட்டியில் நின்றிருக்க வேண்டிய நாள் அது. அவரும் மேற்கத்திய உடையில்தான் நின்றார் என்று பின்னர் அறிந்தோம்.

எனக்குச் சினம் மூண்டது. குரலை உயர்த்தினேன். தந்தையார் என் தோளைத் தொட்டு, "அந்தப் பிள்ளை கூலிக்கு நிற்கிறான், அவனிடம் எதற்குச் சண்டை?" என்றார். பிறகு அவரிடமே திரும்பி, "தம்பி, கடற்கரைக்கு எப்படிப் போகவேண்டும்?" என்று கேட்டார். அவர் வழி சொன்னார். அன்றிரவு மெரினாவில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் அளவு நீரில் என் தந்தையார் நெடுநேரம் நின்றார். விருந்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். அதுவே இருவருக்கும் இரவு உணவு.

மறுநாள் ஊர் திரும்புவதற்கு நேரம் இருந்தது. எழும்பூரில் உள்ள புனித அந்திரேயர் ஆலயத்தைக் காணச் சென்றோம். ஸ்காட்லாந்து மக்களின் வழிபாட்டிற்கென 1821ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வட்ட வடிவமான ஆலயம் அது. கட்டியவர் தாமஸ் டி ஹாவிலாண்டு என்னும் பொறியாளர். அவ்விடத்து மண் நெகிழ்வானது. கட்டடத்தின் பாரத்தைத் தாங்காது. ஆகவே, நம் நாட்டார் கிணறு இறக்கும் முறையைக் கைக்கொண்டு, சுட்ட மண் உறைகளால் ஆன நூற்றைம்பது கிணறுகளைப் பூமிக்குள் இறக்கி, அவற்றின்மேல் ஆலயத்தை எழுப்பினார். இதைக் கேட்டதும் தந்தையாரின் முகம் மலர்ந்தது. "எத்தனை அடி ஆழம்?" என்றார். "ஆழமான கிணறு ஐம்பது அடி" என்றேன். மூன்று கிலோமீட்டர் ஆழத்திற்கு வெட்டப்பட்ட சுரங்கத்தில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். "ஐம்பது அடியா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். முந்திய நாள் மாலைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

அந்த ஆலயத்தின் நிழலில் அமர்ந்து நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆடவர் உடுப்பது கில்ட் என்னும் கம்பளி ஆடை, கட்டம் போட்டது, முழங்காலோடு நிற்பது. முற்காலத்தில் அது தைக்கப்படாத ஒரே நீண்ட துணியாக இருந்தது. அதை மடித்து இடையில் கச்சை கட்டி, எஞ்சியதைத் தோளில் போட்டுக்கொள்வர். நம் வேட்டிக்கும் அதற்கும் உறவு சொல்லலாம் போலும்! பதினெட்டாம் நூற்றாண்டில், ஓர் ஆங்கிலேய இரும்புத் தொழில் முதலாளி, தொழிலாளரின் வசதிக்காக அதனைக் குறுக்கித் தைத்தார் என்று ஒரு வரலாறு உண்டு. அதை மறுப்பாரும் உளர். உண்மை எதுவாயினும், தொழில் நடத்துகிறவன் தொழிலாளியின் அரையாடையில் கைவைப்பது தங்கவயலில் மட்டும் நிகழ்ந்ததன்று என்று தந்தையார் தெரிந்துகொண்டார்.

1745இல் மலைநாட்டார் பலர் அரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டில் தோற்றனர். உடனே பிரிட்டனின் நாடாளுமன்றம் அவ்வுடையைத் தடை செய்து சட்டம் இயற்றியது. முதன்முறை உடுத்தியவனுக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை உடுத்தினால் கடல் கடந்து ஏழாண்டு நாடுகடத்தல். படைவீரர்க்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அரசனுக்காகச் சண்டையிட வேண்டுமானால் உடுத்தலாம். தன் வீட்டு முற்றத்தில் உடுத்தலாகாது! 1780ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மலைநாட்டுப் படையொன்று சென்னையில் வந்திறங்கியபோதும் தடை நீங்கவில்லை. 1782இல்தான் அச்சட்டம் கைவிடப்பட்டது. நாற்பது ஆண்டு சென்றபின், 1822இல், நான்காம் ஜார்ஜ் மன்னரே எடின்பரோவில் கில்ட் அணிந்து தோன்றினார். எங்கள் ஊரின் இராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் தாங்கி நிற்பவை ஸ்காட்லாந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்கள் என்பதையும் சொன்னேன். "அப்படியானால் அவர்களும் வேட்டிக்காரர்கள்தாம்" என்று தந்தையார் முடித்துவிட்டார்.

ஓராண்டு சென்றது. 2014 சூலையில், சென்னைச் சேப்பாக்கத்திலுள்ள கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த ஒரு நூல் வெளியீட்டு விழாவிற்கு வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்கள் வாயிலிலேயே தடுக்கப்பட்டார். உடன் மூத்த வழக்கறிஞரும் தடுக்கப்பட்டனர். செய்தி நாடெங்கும் பரவிற்று. ஆகஸ்டு மாதத்திலேயே தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்தவரைப் பொது இடங்களில் தடுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மன்றத்தின் உரிமமும் பறிபோகலாம். செய்தித்தாளை நான் உரக்கப் படிக்க, தந்தையார் கேட்டுக்கொண்டிருந்தார். "நீதிபதி போய் நின்றதனால் கதவு திறந்தது, நான் நின்றது கணக்கில் இல்லை" என்றார். வருத்தமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். கர்நாடகத்தில் வாழும் நாங்கள், சென்னை என்றால் தாய்வீடு என்று எண்ணுகிறோம். இங்கே யாரேனும் வேற்றாளாகப் பார்த்தால், "இருக்கட்டும், நமக்கென்று ஓர் ஊர் இருக்கிறது" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். அந்த ஊரின் வாயிலிலேயே நம் வேட்டி குற்றமாகிவிட்டால், தேறுதலுக்கு எங்கே போவது? கன்னடியர் பஞ்சை உடுத்துவர். நாம் வேட்டி உடுத்துவோம். கட்டும் முறையில் சிறிது வேறுபாடு, அவ்வளவே. தங்கவயல் சந்தையில் அந்த வேறுபாட்டைக் கொண்டு ஒருவரும் ஒருவரை நிறுத்தியதில்லை.

ஆனால் பெங்களூரில் நிறுத்தினார்கள். 2024 சூலையில் மாகடி சாலையிலுள்ள ஒரு பெரிய வணிக வளாகத்திற்கு மகனோடு திரைப்படம் காணச் சென்ற ஒரு முதிய உழவரை, பஞ்சை கட்டியிருந்தார் என்று உள்ளே விடவில்லை. கன்னட நாட்டில், கன்னட உழவருக்கு, கன்னட உடைக்காக! மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வளாகத்தை ஏழு நாள் மூடும்படி மாநில அரசு அறிவித்தது.

அப்போது தந்தையாருக்கு எண்பத்தேழு வயது. திண்ணையில் வேட்டியோடு அமர்ந்திருந்தார். நான் செய்தியைச் சொன்னேன். மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் எதிரே இருந்த மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது, அதே திண்ணையில் அவரைச் சுற்றி நின்றவர்களை நானும் கண்டிருக்கிறேன்.

"ஏழு நாள் மூடிவிட்டார்களா?" என்றார். "அங்கே வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்கு அந்த ஏழு நாள் சம்பளம் உண்டா? அதை விசாரித்தாயா?"

நான் விசாரிக்கவில்லை.