பச்சைப்பிள்ளை பால் குடிக்கிறதா, பாருங்கள்
(கூக்கால் கூட்டத்தில் தாய்மார்களிடம் பேசியது)

கடன், வசூல் கணக்கெல்லாம் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் பச்சைப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிறேன்.

பிறந்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்போம். யாரும் சொல்லித் தராமலே அது சில காரியம் செய்யும். கன்னத்தில் விரல் பட்டால் வாயைத் திறந்து அந்தப் பக்கம் திரும்பும். வாயில் காம்பு பட்டால் சப்பும். உள்ளங்கையில் நம்ம விரலை வைத்தால் இறுக்கிப் பிடிக்கும். இதைத்தான் அனிச்சைச் செயல் என்கிறார்கள்.

கதவு படார் என்று சாத்தினால் பிள்ளை இரண்டு கையையும் விரித்து, கட்டிப்பிடிக்கிற மாதிரி உள்ளே இழுத்து, வீல் என்று அழும். உடனே “புள்ள பயந்துருச்சு” என்று மந்திரிக்கக் கிளம்பிவிடுவோம். அது நோய் இல்லைம்மா. 1918-லேயே மோரோ என்ற ஆஸ்திரிய டாக்டர் இதை எழுதி வைத்திருக்கிறார். நரம்பு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். 4 முதல் 6 மாதத்துக்குள் தானாகப் போய்விடும். நீங்கள் பார்க்க வேண்டியது, இரண்டு கையும் ஒன்றுபோல விரிகிறதா என்பதுதான். ஒரு கை மட்டும் அசையாமல் கிடந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் சோதிக்கிறேன் என்று பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடிக்காதீங்க.

பால் கொடுக்கும்போது தலையைப் பிடித்து மார்பில் அழுத்த வேண்டியதில்லை. காம்பால் மேல் உதட்டைத் தொடுங்கள், காத்திருங்கள். வாயை அகலமாகத் திறக்கும், அப்போது அணையுங்கள். பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும். சேனை வைக்கிறேன் என்று மலைத்தேனை நாக்கில் தடவுவது கூடவே கூடாது. எவ்வளவு சுத்தமான தேனாக இருந்தாலும் ஒரு வயது வரைக்கும் ஆபத்துதான்.

குளிப்பாட்டும் பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கை காலை இழுத்து உருவினால் பிள்ளை பலமாகாது. நிமிர்த்திப் பிடித்தால் காலை எடுத்து வைக்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். அது நடை இல்லை. இரண்டு மாதத்தில் மறைந்துவிடும். விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து சிறிது நேரம் குப்புறப் போடுங்கள், விரலைப் பிடிக்கக் கொடுங்கள், பேசுங்கள். அது போதும்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். மகாராஷ்டிராவில் கட்சிரோலி என்ற பின்தங்கிய மாவட்டம். டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி அங்கே 39 கிராமங்களில் நம்மைப் போன்ற பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஆயிரம் பிள்ளை பிறந்தால் ஒரு மாதத்துக்குள் 62 பிள்ளை இறந்துகொண்டிருந்த இடத்தில், 1998-ல் அது 25 ஆனது. அந்தப் பெண்கள் கவனித்தவற்றில் ஒன்று: நன்றாகப் பால் குடித்த பிள்ளை குடிப்பதைக் குறைத்துவிட்டதா? நன்றாக அழுத பிள்ளையின் குரல் ஒடுங்கிவிட்டதா? கை கால் துவண்டு கிடக்கிறதா? கிருமித் தொற்று இப்படித்தான் தெரியும். காய்ச்சல் வரும் என்று காத்திருக்கக் கூடாது. பச்சைப்பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டும் போகலாம்.

நம்ம ஊரில் மார்கழி, தையில் குளிரே பிள்ளையைச் சோர வைத்துவிடும். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் துணியை விலக்கி, உங்கள் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து, மேலே போர்த்திக்கொள்ளுங்கள். விறகடுப்புப் புகைக்குப் பக்கத்தில் படுக்க வைக்காதீங்க. சூடு வந்த பிறகும் சப்பவில்லை என்றால் 108-க்குப் போன் பண்ணுங்கள். வண்டி வரும் வரை அந்த அணைப்பை விடக் கூடாது.

கொடைக்கானல் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். “காலையில முதல் பஸ்ஸுக்குப் போகலாம்” என்று மாமியார் சொன்னாலும், வீட்டுக்காரர் சொன்னாலும் கேட்காதீங்க. ஒவ்வொரு குழுவும் ராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய ஜீப்காரர் ஒருவருடைய போன் நம்பரை இன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். வாடகைப் பணத்தைக் குழுச் சேமிப்பிலிருந்து உடனே எடுத்துக் கொடுக்கலாம் என்றும் அதே பக்கத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.