ஆசிரியர் இல்லாத கைகள்

(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோயில் கட்டியவர்களையும் நன்கொடை அளித்தவர்களையும் விழா நாளில் நன்றியோடு நினைக்கிறோம். கல்வெட்டில் பெயர் ஏறாத கைகளையும் நினைப்பது நம் கடமை. அத்தகைய கைகளுள் ஒரு தாயின் கைகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

சத்தீஸ்கர் மாநிலத்தில் அம்பிகாபூர் நகருக்கு அருகே புஹ்புத்ரா என்றொரு சிற்றூர். அங்கே ஓர் உழவர் குடும்பத்துக்கு வாழ வந்தவர் சோனாபாய் ரஜ்வார். கணவர் அவரைச் சுமார் 15 ஆண்டுகள் வீட்டை விட்டு வெளியே விடவில்லை. உற்றார் முகம் காணவும் வழியில்லை. கையில் ஒரு மகன். அவன் விளையாட ஒரு பொம்மைகூட இல்லை.

அந்தத் தாய் மண்ணைப் பிசைந்தார். சிற்பம் செய்ய எவரும் அவருக்குக் கற்றுத் தரவில்லை. முதலில் மகனுக்குப் பொம்மைகள் செய்தார். பிறகு சுவர்களில் பறவைகளும் குரங்குகளும் ஆடும் பெண்களும் எழுந்தனர். மூங்கிலைப் பிளந்து வளையங்களாகக் கட்டி, மேலே மண் பூசிப் பலகணிகள் அமைத்தார். அவை வெயிலைத் தடுத்தன. காற்றை உள்ளே விட்டன. அடுப்படியில் கிடைத்த பொருள்களிலிருந்தே நிறம் எடுத்தார்.

1980-களின் தொடக்கத்தில், போபால் பாரத் பவனுக்காக நாட்டுப்புறக் கலைகளைத் தேடி வந்தவர்கள் அந்த வீட்டைக் கண்டு வியந்தனர். தேசிய விருது அவரைத் தேடி வந்தது. ஊராருக்கும் அவர் தம் கலையைக் கற்றுக்கொடுத்தார். 2007-இல் அவர் மறைந்தார். 2009-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள மிங்கேய் அருங்காட்சியகம் அவர் பெயரால் கண்காட்சி நடத்தியது.

அன்பர்களே, அடைத்து வைத்ததால்தான் கலை பிறந்தது என்று நாம் சொல்லிவிடக் கூடாது. அடைத்து வைத்தது அநீதி. கலை அவருக்குள் முன்பே இருந்தது. கதவு திறந்திருந்தால் அது இன்னும் முன்னதாகவே ஊரை எட்டியிருக்கும்.

நம் இல்லங்களிலும் கைத்திறன் மிக்க பெண்கள் எத்தனையோ பேர். “இதெல்லாம் எதற்கு?” என்ற ஒரு சொல்லே அவர்களுக்குப் பூட்டாகிவிடுகிறது. மண்ணில் விளையாடும் பிள்ளையை அதட்டுகிறோம். உடைந்த ஓட்டையும் வைக்கோலையும் சேர்த்து வைப்பவரைக் கேலி செய்கிறோம். வெளியூரார் வந்து பாராட்டும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? இந்த யூபிலி ஆண்டில் அவரவர் வீட்டுக்குள் ஒருமுறை கண் திறந்து பார்ப்போம். பூட்டு இருந்தால், சாவி நம் கையில்தான் இருக்கிறது.