வலஞ்சுழியும் இடஞ்சுழியும்



தாயம் ஆடிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கட்டத்தைச் சுற்றி நால்வர் அமர்ந்தாலும் நால்வருடைய காய்களும் ஒரே திசையில்தான் சுற்றி வருகின்றன. யார் எந்தப் பக்கத்தில் அமர்ந்தாலும் அவரவர் கண்ணுக்குப் பாதை ஒன்றாகவே தோன்றும். ஆதலின், "நான் எந்தப் பக்கம் உட்காரட்டும்?" என்ற கேள்விக்கு அங்கே பெரிதாக இடமில்லை. பேக்கமன் என்னும் பகடையாட்டத்தில் அக்கேள்விக்கு இடம் உண்டு. சில சமயம் ஆட்டத்தின் வெற்றி தோல்வியே அதைப் பொறுத்து அமைந்துவிடுவதும் உண்டு.

இவ்வாட்டத்திற்கு மிகப் பழைய உறவினர் பாரசீகத்து 'நர்து'. அதன் முப்பது காய்களில் வெள்ளை பதினைந்தும் பகல்களைக் குறிக்கும், கறுப்பு பதினைந்தும் இரவுகளைக் குறிக்கும் என்று அந்நாட்டுப் பழங்கதை கூறும். இன்றைய பேக்கமனிலும் ஒவ்வொருவருக்கும் 15 காய்கள்தாம். பலகையில் இருபுறமும் பன்னிரண்டு பன்னிரண்டாக 24 முனைகள். குறுக்கே ஒரு நடுச் சட்டம். உருட்டுவதற்கு இரண்டு பகடைகள். காய்களின் வழி குதிரை லாடம் போல வளைந்து செல்வது. எதிரியின் வீட்டில் தொடங்கி, தொலைவில் உள்ள கோடியில் திரும்பி, நம் வீட்டிற்குள் வந்து சேர வேண்டும். எதிரியோ அதே வழியில் எதிர்த்திசையில் வருகிறார்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. இருவருடைய வீடுகளும் பலகையின் ஒரே பாதியில் எதிரெதிராக அமைந்தவை. என் வீடு என் வலக்கைப் பக்கம் இருந்தால், எதிரில் இருப்பவருடைய வீடு அவருக்கு இடக்கைப் பக்கம் இருந்தே தீரும். நான் என் காய்களை இடஞ்சுழியாக நகர்த்துவதைக் காண்பேன். அவர் தம் காய்களை வலஞ்சுழியாக நகர்த்துவதைக் காண்பார். அதாவது, உலகில் எங்கே இப்பலகை விரிக்கப்பட்டாலும் இருவரில் ஒருவர் வலஞ்சுழியாகவே ஆடுகிறார். ஒரு திசையை மட்டும் பழகியவர் இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் அமர மட்டுமே கற்றிருக்கிறார்.

"திசை மாறினால் என்ன? விதி மாறவில்லையே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பழகிய ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணுவதில்லை. கண்ணால் பார்த்த மாத்திரத்தில் தூரத்தை அறிகிறார். அந்தக் கண் ஒரு பக்கத்துப் படங்களை மட்டும் சேர்த்து வைத்திருந்தால், கண்ணாடியில் திருப்பிக் காட்டிய படத்தைக் கண்டு தடுமாறுகிறது. தடுமாற்றத்தின் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரு பகடைகள் விழும் வகைகள் மொத்தம் 36. இடையில் தடை ஏதும் இல்லாதபோது, என் தனிக்காய் எதிரியின் காய்க்கு ஆறு முனை தூரத்தில் இருந்தால் அவர் அதை வெட்டுவதற்கு 17 வகைகள் உண்டு. ஏழு முனை தூரத்தில் இருந்தாலோ ஆறே வகைகள்! கோடியில் வழி திரும்பும் இடத்தில் ஒரே ஒரு முனையைத் தவறாக எண்ணியவர், ஏறக்குறைய மூன்று மடங்கு ஆபத்தைப் பாதுகாப்பென்று எண்ணிக் காயை அங்கே வைத்துவிடுவார்.

ஆகவே, இடம் வலம் என்று நினைப்பதை முதலில் விட்டுவிட வேண்டும். முனைகளுக்கு எண் கொடுங்கள். உங்கள் வீட்டின் கடைசி முனை 1; புறப்படும் தொலைமுனை 24. தொடக்கத்தில் 24-இல் இரண்டு காய்கள், 13-இல் ஐந்து, 8-இல் மூன்று, 6-இல் ஐந்து. எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் இவ்வெண்கள் மாறா. முதல் உருட்டில் மூன்றும் ஒன்றும் விழுந்தால், 8-இலிருந்து ஒரு காயையும் 6-இலிருந்து ஒரு காயையும் 5-க்குக் கொண்டுவந்து அம்முனையைக் கட்டுவது சிறந்த ஆட்டம். "வலப்பக்கத்து மூலைக்கு அருகில்" என்று மனப்பாடம் செய்தவர் அடுத்த நாள் அவ்விடத்தைத் தேடுவார்; "ஐந்தாம் முனை" என்று கற்றவர் தேடமாட்டார்.

எண்களில் இன்னும் ஓர் அழகு உண்டு. நேர் எதிரே உள்ள இரு முனைகளைக் கூட்டினால் எப்பொழுதும் 25 வரும். 12-க்கு எதிரே 13. 5-க்கு எதிரே 20. அந்த 20, எதிரியின் கணக்கில் 5. பலகையின் நிறங்களும் நமக்கு உதவி செய்கின்றன. முனைகள் கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறி வருவதால், காய் இரட்டைப்படை எண் நகர்ந்தால் அதே நிறத்தில் நிற்கும். ஒற்றைப்படை எண் நகர்ந்தால் நிறம் மாறும். வழி திரும்பும் கோடியிலும் இது பிழைபடாது. திசையைப் பற்றிக் கவலைப்படாத சாட்சி இதைவிட வேறு ஏது?

பகடையை நம் வலக்கைப் பக்கத்துப் பாதியிலேயே உருட்ட வேண்டும் என்பது பல போட்டிகளின் விதி. வீடு வலப்பக்கம் இருப்பவர்க்குப் பகடை தம் வீட்டிற்குள் விழுகிறது. வீடு இடப்பக்கம் இருப்பவர்க்கு வெளிப்பாதியில் விழுகிறது. சிறிய வேறுபாடுதான். எனினும் பகடையைப் பார்த்த கண் காய்களைத் தேடிப் போகும் பாதை இதனால் மாறிவிடுகிறது. புதிய பக்கத்தில் அமர்ந்தவருக்கு முதலில் உறுத்துவது பெரும்பாலும் இதுதான் என்பது என் கருத்து.

கிரேக்க நாட்டில் இந்தச் சங்கடம் வேறு உருவில் வருகிறது. அங்கே ஒரே பலகையில் மூன்று ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆடுவார்கள். அவற்றுள் 'போர்த்தெஸ்' என்பது பேக்கமனை ஒத்தது. 'பிளாகோத்தோ' என்பதில் தனிக்காயை வெட்டுவதில்லை. அதன் மேல் ஏறி நின்று சிறைப்படுத்துவார்கள். இவ்விரண்டிலும் இருவரும் எதிரெதிராகச் செல்வர். மூன்றாவதான 'ஃபெவ்கா'வில் இருவருமே இடஞ்சுழியாகச் செல்கிறார்கள்! வெட்டும் இல்லை, சிறையும் இல்லை. ஒரு காய் நின்றாலே அந்த முனை எதிரிக்கு அடைபட்டுவிடும். சற்று முன் எதிரே வந்தவன் இப்பொழுது பின்னாலேயே வருகிறான். மூன்றையும் மாறி மாறி ஆடுகிறவர்களுக்குத் திசை என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றி உடுத்தும் சட்டையாகிவிடுகிறது.

நம்மைப் போன்று புதிதாகக் கற்பவர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கணிப்பொறியில் ஆடுகிறவர்கள், நிரல் இடம் கொடுத்தால், திசையை மாற்றி வைத்துக்கொண்டு ஆடலாம். பலகையில் ஆடுகிறவர்கள் நண்பருடன் ஓர் ஆட்டம் முடிந்தவுடன் நாற்காலியை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் ஒரு சிறு பயிற்சி செய்துபாருங்கள். பழகாத பக்கத்தில் அமர்ந்து, படத்தைப் பாராமல், 24, 13, 8, 6 என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே உங்கள் பதினைந்து காய்களையும் அடுக்குங்கள். அடுக்கிய பின் ஒவ்வொரு காயும் வீட்டைக் கடந்து வெளியேற எத்தனை முனை நகர வேண்டும் என்று கூட்டிப் பாருங்கள். 167 வந்தால் எதிரில் இருப்பவரைப் பகடை உருட்டச் சொல்லலாம்.