பந்தலைப் பிடிக்கும் பச்சைச் சுருள்

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டிப் பக்கம் போனால், பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். பழம் இருக்கட்டும், பந்தல் கம்பியைச் சுற்றியிருக்கும் பச்சைச் சுருளைப் பாருங்கள். தாவரவியலில் அதற்குப் பற்றுக்கம்பி என்று பெயர். இலைக்கு நேரெதிரே முளைக்கும். பூங்கொத்து முளைப்பதும் அதே மாதிரி இடத்தில்தான்! இரண்டுக்கும் தொடக்கம் ஒரே வகைக் குருத்து. ஒன்று குலையாகிறது, இன்னொன்று சுருளாகிறது. சில சமயம் சுருளிலேயே நாலைந்து பழம் தொங்கும். பாதி வழியில் மனம் மாறியது போலும்!

பட்டாணியிலும் பற்றுக்கம்பி உண்டு. ஆனால் அது உருமாறிய சிற்றிலை. குமுளிப் பக்கத்து மிளகுக் கொடிக்கோ சுருளே கிடையாது. கணுவில் கிளம்பி மரத்தை ஒட்டிப் பிடிப்பது பற்றுவேர். திராட்சைச் சுருள் முற்றினால் கட்டையாக இறுகிவிடும். கவாத்து வெட்டும்போது அதைக் கம்பியிலிருந்து பிரிப்பது தனி வேலை.