படையாட்சியும் மாநில உரிமையும்

(புதுக்கோட்டையில் நிகழ்ந்த பொழிவு)



எல்லைக்கோடு மாறுவது புதுக்கோட்டை மண்ணுக்குப் புதிதன்று. தொண்டைமானின் தனியரசு 1948 மார்ச்சு 3-இல் இந்தியாவுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கிற்று. 1974 சனவரி 14-இல் தனி மாவட்டமாயிற்று. இவற்றைச் செய்தவை குடியியல் அரசுகள். படைத்தலைவனே கோடு கிழித்தால் என்ன நேரும்? நைசீரியாவைப் பாருங்கள்!

1960-இல் விடுதலை பெற்ற அந்நாட்டில் மண்டலங்கள் தத்தமக்கெனத் தனி அரசியலமைப்பே கொண்டிருந்தன. 1966 சனவரியில் படையினர் ஆட்சியைப் பற்றினர். மே 24-இல் படைத்தலைவர் அயர்ன்சி, 34-ஆம் ஆணையால் மண்டலங்களை ஒழித்து ஒற்றையாட்சி நாட்டினார். வடபுலம் கொதித்தது, இக்போ மக்கள் கொல்லப்பட்டனர், சூலையில் அவரும் கொல்லப்பட்டார். அடுத்து வந்த கோவன் கூட்டாட்சியை மீட்டார். ஆனால் 1967 மே 27-இல் நான்கு மண்டலங்களை ஓர் ஆணையால் பன்னிரண்டு மாநிலங்களாக்கினார். சிறிய இனங்கள் சில அதனை வரவேற்றன என்பதும் மறைக்கத்தக்கதன்று. மூன்றாம் நாள் கிழக்கு மண்டலம் 'பையாபிரா' எனத் தனிநாடு அறிவித்தது. முப்பது திங்கள் போர் மூண்டது.

வெட்டு அத்துடன் நிற்கவில்லை. 1976-இல் 19, 1987-இல் 21, 1991-இல் 30, 1996-இல் 36! இன்றுள்ள மாநிலங்களுள் ஒன்றையேனும் மக்கள் மன்றம் படைக்கவில்லை. படையாட்சியில் மாநில ஆளுநன் என்பான் ஒரு படை அலுவலன். மேலிடத்து ஆணைக்கு 'ஆகட்டும்' என்பதன்றி அவனுக்கு வேறு சொல் ஏது? எண்ணெய் வருவாய் நடுவண் கருவூலத்திற் குவிய, மாநிலங்களிற் பெரும்பாலானவை திங்கள்தோறும் பங்குக்குக் கையேந்தின, இன்றும் ஏந்துகின்றன. 1999-இல் படை பாசறைக்குத் திரும்பிற்று. அது பிறப்பித்துச் சென்ற அரசியலமைப்போ நின்றுவிட்டது.

பாக்கித்தானிலும் இதே கதை. 1958-இல் குடியரசுத் தலைவர் இசுகந்தர் மிர்சா படையாட்சி அறிவித்து மாகாணச் சட்டமன்றங்களைக் கலைத்தார். அயூப்கான் 1962 அரசியலமைப்பில் ஆளுநரை அமர்த்தும் உரிமையைத் தம் கையில் வைத்தார். 1971-இல் வங்காளம் பிரிந்தது.

இந்தியாவில் படையாட்சி வந்ததில்லை; வந்ததுபோற் பேசுதல் நேர்மையன்று. ஆயினும் 1975-77 நெருக்கடி நிலையில் நிகழ்ந்ததை நோக்குக. 1976 சனவரி 31-இல் தமிழக அரசு கலைக்கப்பட்டது. அவ்வாண்டே 42-ஆம் திருத்தம், மாநிலப் பட்டியலிலிருந்த கல்வியையும் காட்டையும் பொதுப் பட்டியலுக்குப் பெயர்த்தது. மாநிலங்களுக்குள் நடுவணரசு ஆயுதப் படையை இறக்க 257அ என்னும் உறுப்பையும் சேர்த்தது. 44-ஆம் திருத்தம் அவ்வுறுப்பை நீக்கியது. மகிழ்ந்தனர் பலர். ஆனால், அதே பொருளில் நடுவண் பட்டியலில் ஏறிய 2அ என்னும் பதிவை எவரும் தொடவில்லை. மாநிலத்துக்குரிய காவல்துறை அதற்குக் கட்டுப்பட்டே இன்றும் எழுதப்பட்டுள்ளது. கல்வியும் திரும்பவில்லை.